கத்தரிப்பூ, ரெண்டு கோட்

ஓட்டுக்குக் கீழே சும்மா கிடந்த இடம்.
கால் உடைந்த கதிரை, கந்தூரிச் சட்டி, எலி.
இப்போது பலகை அடித்து, ஏணியைப் படியாக்கி,
தெற்கே ஒரு ஜன்னல் வெட்டி
நேற்றுப் பூச்சும் முடிந்தது.
ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.
காய்ச்சல் விட்ட பிள்ளையின் முதுகுபோல்
வியர்த்துக் குளிர்ந்திருந்தது.

கீழ்வீட்டை மகளுக்கு எழுதியாயிற்று.
இது எனக்கும் இவருக்கும்.

கீழ்வீட்டுக்கு வாப்பா அடித்தது கிறீம்.
மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள்,
அழுக்குத் தெரியாத நிறமாய் இருக்கட்டும் என்றார்.
போன வருசம் மகளின் கலியாணத்துக்கு
அதே சுவர் ஒஃப் வைட் ஆனது,
சம்மந்தி வீட்டார் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்து.
இருபத்தேழு வருசம் நான் துடைத்த சுவர்.
என்ன நிறம் வேணும் என்று யாரும் கேட்கவில்லை.
உண்மையைச் சொன்னால்
நானும் யோசித்ததில்லை.

கடைப் பையன் நிற அட்டையை விரித்தான்.
நகத்தளவு நகத்தளவாய் முந்நூறு.
பனி, மலை, காத்தான்குடி காணாத பூக்கள் என்று
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.
“கத்தரிப்பூ இருக்கா மனெ?”
விரல் அட்டையில் ஏறி இறங்கிற்று.
“அப்படி ஒண்டு இல்ல. லவண்டர் இரிக்கி.”
லவண்டரை நான் கண்டதில்லை.
கத்தரி என் பின்வளவில் நாலு கன்று நிற்கிறது.
அடுத்த நாள் ஒரு பூவை ரிசூவில் சுற்றிக் கொண்டுபோனேன்.
போய்ச் சேருமுன் வாடிவிட்டது.
வாடின நிறத்தைத்தான் கலந்து தந்தான்.
சரி, எனக்கும் நாற்பத்தெட்டு.

இருபத்தெட்டு நாள் காயவிடணும் என்று
பையன் சொன்னான், மேசன் உவைஸ் சொன்னார்,
வாளியின் வயிற்றிலும் எழுதியிருந்தது.
மூன்றாம் நாளே ஒரு முழம் அடித்துப் பார்த்தேன்.
காலையில் பூ.
ஒரு கிழமையில் சீமெந்து அதைக் குடித்து
பூஞ்சணம் பிடித்த பாண் ஆக்கிவிட்டது.

பிறகு பொறுத்திருந்தேன்.
சுவர் காய்வதை அதுவரை உட்கார்ந்து பார்த்தவள் இல்லை.
நடு முதலில் வெளுக்கிறது.
கொடியில் போட்ட சாரனின் மூட்டுத் தையல்போல்
மூலைகளில் கருமை தங்கிக் கிடக்கிறது.
ஜன்னலால் பார்த்தால் தண்ணீர்த் தாங்கிகள், ஒரு மினாரா,
எட்டிப் பார்த்தால் பெரிய தெருப் பேரீச்சைகளின் தலை.
கடல் தெரியாது.
புதுக் கம்பியில் அதற்குள் துரு.

பதினாறாம் நாள் வெயில் சாய்கையில்
சரிவின் கீழே பென்சில் கணக்கு ஒன்று தெரிந்தது.
சீமெந்து, மணல், கையாள்.
செவ்வாய் அரை, மழை.
வெள்ளி அரை.
கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் கூலி எங்களில் நிற்கிறது.
போன் எடுத்தேன்.
“அது பெயின்றோட போகட்டும் ராத்தா” என்றார் உவைஸ்.
போகவிடவில்லை, காசைக் கொடுத்தனுப்பினேன்.
என்றாலும் அந்த எண்களின் மேல் ரோலரை வைக்க
கை கொஞ்சம் தாமதித்தது.

இருபத்தொன்பதாம் நாள்
இவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.
“கிழடுகள்ட அறைக்கு ஊதாவா? சனம் என்ன சொல்லும்?”
“யாரு ஏறி வரப்போற?”
படி பதினொன்று. சம்மந்தியம்மாவுக்கு முழங்கால் வருத்தம்.
எண்ணிப் பார்த்தார் போலும்.
மறுகா மூடியைத் திறந்தார்.

கூரை சரிவதை மறந்து இரண்டு தரம் தலையை இடித்தார்,
இரண்டாந்தரம் ஈரத்தில்.
வழுக்கையில் விரல் நீளத்துக்கு நிறம்.
தேய்த்துக் கழுவியும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் மிச்சம்.
தொப்பியை இழுத்து இறக்கிக்கொண்டு மஃரிபுக்குப் போனார்.

வந்தவர் சட்டையும் கழற்றாமல் மேலே ஏறி
சுவரைத் தொட்டு, விரலைப் பார்த்தார்.
“பின் சஃப்பில நிண்டவன் கேட்டான்,
வீட்ட என்ன நிறம் அடிக்கிற எண்டு.”
“என்ன சொன்னீங்க?”
“கத்தரிப்பூ எண்டன்.”

சொல்லிவிட்டு,
இந்தத் தரம் குனிந்து,
விளக்கைப் போடப் போனார்.