ஒன்பதாம் பிரிவு

ஜூலை மாதம். புல்வெளிப் பிரதேசம்
மாநிலமாக இன்னும் நான்கு மாதம்.
சன்னலைத் திறந்தால் வெட்டுக்கிளி, மூடினால் வியர்வை.
நான் அவையில் குறிப்பெடுப்பவன்.
நாளுக்கு மூன்று டாலர், மை என் செலவு.

காலையில் சிறைச்சாலையைப் பங்கிட்டார்கள்.
ஆற்றங்கரை ஊர் அடம்பிடித்து வாங்கிக்கொண்டது:
காவலர் சம்பளம் கடைத்தெருவுக்குத்தானே வரும்.
பல்கலைக்கழகம், மூன்று வக்கீல்களை அனுப்பிய ஊருக்கு.
பைத்திய ஆஸ்பத்திரிக்கு இரண்டு ஊர்கள் மல்லுக்கு நின்றன;
செங்கல் சூளை வைத்திருந்தவர் ஜெயித்தார்.
காது கேளாதோர் பள்ளி மிஞ்சியது,
யாரும் ஏலம் கேட்காத கிழட்டுக் குதிரைபோல.

பிற்பகலில் வாசகத்துக்கு வந்தார்கள்.
'இந்நிறுவனங்களை அரசு பேணலாம்' என்றிருந்தது.
"அது போதும்" என்றார் தானியக் கிடங்கு லெமுவேல் க்ராஃப்ட்.
"கோதுமை பொய்த்த வருடத்தில் எதைக் கொண்டு பேணுவது?"
நியாயமான கேள்வி. எழுதிக்கொண்டேன்.

ஹால்வோர் ப்ரெக்கெ எழுந்தார்.
ஆறு வாரத்தில் அவர் வாய் திறந்தது அன்றுதான்.
ஆங்கிலம் அவருக்கு இரவல் கோட்டு, தோளில் பிடிக்கும்.
"பேணலாம் என்பது, மழை பெய்யலாம் என்பது மாதிரி.
நான் வானத்தை நம்பி விதைக்கிறவன்.
சட்டத்தையும் அப்படி நம்பச் சொல்லாதீர்கள்.
பேண வேண்டும் என்று போடுங்கள்.
'எப்போதும்' என்றும் சேருங்கள்."

எப்போதும் என்றால் எதுவரை, என்று
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

அங்கே அவர் மகள் ரக்னா. பதினொரு வயது.
மூன்று வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு
இடி அவளுக்குத் தரையின் நடுக்கம் மட்டும்.
நாளெல்லாம் எங்கள் மீசைகள் அசைவதைப்
பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாங்கள் சொற்பொழிவு என்று நினைத்தது
அவளுக்கு அசைபோடுதல்.

ஆம், இல்லை என்ற கூச்சல் குழம்பிப்போக,
கையைத் தூக்குங்கள் என்றார் தலைவர்.

மாவு படிந்த கை. மோதிரக் கை.
கதிரடிக்கும் எந்திரம் ஒரு விரலைத் தின்ற கை.
நாற்பத்தொன்று எண்ணினேன். எதிர்த்து இருபத்தொன்பது.
ஐந்து பேர் புகைபிடிக்க வெளியே போயிருந்தார்கள்.

ரக்னா கம்பிமேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.
ஆறு வாரத்தில் எவரும் அவளுக்குப் புரியப் பேசியது
அந்த அரை நிமிடம்தான்.
அவளும் கையைத் தூக்கினாள்.
விதிப்படி அதை எண்ணக் கூடாது.
எண்ணவில்லை.

இரவில் நகலெடுக்கும்போது, பழக்கதோஷம்,
'பேணலாம்' என்றே எழுதிவிட்டேன்.
அடித்தேன். மை பரவியது.
தாளைக் கிழித்து முதலிலிருந்து தொடங்கினேன்.

பள்ளிக்கு அடிக்கல் விழ ஒன்பது வருடம் ஆயிற்று.
அதுவரை, கருவூலத்தில் பணமில்லை என்ற
கடிதங்களை நகலெடுத்தவனும் நானே.
ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது,
வலப்பக்கம் சாயும் கையெழுத்தில், எழுத்துப் பிழையோடு.
ஐயா, ஒன்பதாம் பிரிவைப் பார்க்கவும்.
கீழே ரக்னா ப்ரெக்கெ.
'வேண்டும்' என்ற சொல்லுக்கு அடியில்
தாள் கிழியும்படி இரண்டு கோடுகள்.