அடுத்த பருவத்துக்கான கைகள்

நவம்பர் பாதி. டுலூத்தில் மைதானம்
பனிக்கு அடியில் போய்விட்டது.
வீசுகிற மேடு எங்கே இருந்தது என்று
ஏரிக்காற்றுக்கே இப்போது தெரியாது.

பெடர்சன் சொன்னார்:
"அடுத்த பருவம் யாரை நம்பி இறங்குகிறோம்?
ஒரே பக்கம். வெள்ளிக்கிழமைக்குள்."
பயிற்சியாளர்கள் எப்போதும்
ஒரே பக்கம்தான் கேட்கிறார்கள்.
புள்ளியியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு,
மணிக்குப் பதின்மூன்று டாலர்.
உட்கார்ந்து கைகளை எண்ணுகிறேன்.

முதல் கை கைவிட்டுப் போனது.
ஸ்ட்ரூப் மே மாதம் பட்டம் வாங்கி
அப்பாவோடு கூரை போடப் போய்விட்டான்.
எழுபத்தெட்டு இன்னிங்ஸ் அவனோடு போயின.
ஆணியையும் அவன்
ஓரத்தில், விளிம்பில்தான் அடிப்பான்,
நடுவில் ஒன்றுகூட வைக்கமாட்டான்
என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஓல்மான் வேறு கல்லூரிக்கு மாறுகிறான்.
வெயில் உள்ள ஊர் என்கிறான், பெயர் சொல்வதில்லை.
சட்டையின் நிறம் மட்டும்
துணி துவைப்பவர் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

முதலாண்டு நீமி. ஆறடி ஐந்தங்குலம்.
தொண்ணூற்று மூன்று மைல் வேகம்.
எங்கே போகிறோம் என்று
பந்துக்கே தகவல் இல்லை.
அக்டோபர் பயிற்சி ஆட்டத்தில்
நம் பஸ்ஸின் கண்ணாடியையே உடைத்தான்,
பஸ் மூன்றாம் பேஸுக்கு வெகு பின்னால் நின்றது.
'வாய்ப்பு உண்டு' என்று எழுதினேன்.
பொய் இல்லை.

டூ வாங், செயின்ட் பால் பையன், இடது கை.
எண்பத்து நான்கைத் தாண்டியதே இல்லை.
ஆனால் அவன் கர்வ் பந்து
வாசல்வரை நிமிர்ந்து வந்து
செருப்புவார் அறுந்ததுபோல் சட்டென்று குனியும்.
மட்டை காற்றைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்.
அதற்கென்று கட்டம் ஏது என் அட்டவணையில்?
நிமிடத்துக்கு இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்துச் சுழற்சி
என்று போட்டேன்.
ஏட்டுச் சுரைக்காய்.

பிறகு ஹார்யு.

நான் பார்த்து வளர்ந்த ஆட்டத்தில்
முழங்கை மடங்கி நிமிர்ந்தால் குற்றம்,
நடுவர் உடனே கை நீட்டுவார்.
இங்கே மடங்கித்தான் பிழைப்பு.
மே மாதம், ஆறாவது இன்னிங்ஸ், ஒரு ஸ்லைடர்.
ஈரக் கயிறு அறுவதுபோல் ஒரு சத்தம்.
அவன் கையைப் பார்க்கவில்லை,
ஸ்கோர் பலகையைப் பார்த்தான்.
மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை உருவி
முழங்கையில் தைத்திருக்கிறார்கள்.
மருத்துவர் தாள் சொல்கிறது:
ஏப்ரலில் வரலாம். வராமலும் போகலாம்.

புதன் இரவு, உள்ளரங்கம்.
நான் கேமராக்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
வலைக்கூண்டில் அவன் மட்டும்.
நாற்பத்தைந்து அடி தூரம், சமதரை,
இருபத்தைந்து வீச்சு, அதற்கு மேல் கூடாது.
"துப்பாக்கியை அணைத்துவிடு" என்றான்,
ரேடாரைக் காட்டி.
அணைத்தேன்.
அணைப்பதற்குள் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டேன்.

இருபத்து மூன்று. இருபத்து நான்கு. இருபத்தைந்து.
வாளியில் இன்னும் பந்துகள் இருந்தன.
அவன் ஒன்றை எடுத்தான்,
தையலில் இரு விரலைப் பொருத்தினான்.
தடுக்க நான் யார் என்று யோசித்தபடி
வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.
வெகுநேரம் அப்படியே நின்றான்.
பிறகு பந்தை வாளியில்
எறியாமல்
வைத்தான்.

இரவு முழுக்க அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.
பெயர்: ஹார்யு. வயது: இருபத்தொன்று.
வேகம் என்ற கட்டத்தில்
கண்ட எண்ணை ஒருமுறை அடித்தேன்,
அழித்தேன்.

வெள்ளிக்கிழமை பெடர்சன் படித்தார்.
விரல் இறங்கி இறங்கி வெற்றுக் கட்டத்தில் நின்றது.
"விட்டுப்போச்சா?"
"இல்லை."
என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.
வேறெதுவும் கேட்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே யாரோ
பனியை வாரிக் கொட்டும் சத்தம்.
காபிக் கோப்பையைத் தாளின் மேல் வைத்தார்,
பாதி அந்தக் கட்டத்தில்.

பழுப்பு வளையம் விழுந்த அந்தத் தாளைத்தான்
நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள்.
நீமி மட்டும் கேட்டான்:
இந்த வட்டம் என்ன,
இதற்குள் வீச வேண்டுமா?