இரண்டு, பிறகு இரண்டு

தொண்ணூற்றி நாலாம் வருஷத்துக் கரீனா.
தலவாக்கலை கராஜில் கணினி வைத்திருக்கிறார்கள்,
அதன் வாய் இதன் வாயில் பொருந்தாது.
"பழசு மல்லி, சென்சர் எல்லாத்தையும் மாத்திப் பார்ப்போம்"
என்றார் ரணவீர பாஸ்.
எல்லாத்தையும் என்ற சொல்லுக்கு
எழுபத்தெட்டாயிரம் ரூபாய்.

விடிந்தால் வியாழன்.
நாலரைக்குச் சவரியப்பனை
நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும்,
இரத்தம் சுத்தம் செய்ய.
மூன்று நாளாய் வண்டி குளிரில் எழும்பவில்லை.
நேற்று லயத்துப் பொடியன்கள்
கோயில் இறக்கம் வரை தள்ளினார்கள்,
ஒருத்தனின் செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

எனக்கு விற்றவன்
டேஷ்போர்டில் எச்சரிக்கும் பல்பைக் கழற்றிவிட்டு விற்றிருந்தான்.
நோயை அல்ல,
நோய் சொல்லும் நாக்கை.

ஆகவே ஒரு நாக்கு செய்தேன்.
உடைந்த பொம்மைக் காரின் சிவப்புக் கண்,
செத்த ரேடியோவின் வயிற்றிலிருந்து ஒரு ரெசிஸ்டர்,
இரண்டு முழம் வயர்,
மை தீர்ந்த பேனாவின் கூடு.
பொனட்டுக்குள் விரல் நீளத்தில் கறுப்புப் பெட்டி;
எந்த ஓட்டை எதுவென்று
மூடியின் உள்பக்கம் பொடி எழுத்து.
லோஜினியின் சம்பளச் சிட்டைகளைப் பிடித்திருந்த கிளிப்பை
உருவி, நிமிர்த்தி, வளைத்து
டி.ஈ. ஒன்றுக்கும் ஈ. ஒன்றுக்கும்
பாலம் போட்டேன்.
பக்கத்து ஓட்டையில் குத்தினால் என்ன எரியும் என்று
எனக்குத் தெரியாது.
தெரியாததால்தான் கை நடுங்கவில்லை.

சாவியைத் திருப்பு என்றேன்.
எஞ்சினை எழுப்பாதே, திருப்பு மட்டும்.

மூடுபனிக்குள் சிவப்பு
ஒன்று
இரண்டு
நின்றது.
ஒன்று
அதற்குள் ஒரு பனித்திரள் பொனட்டைக் கடந்துபோனது.

"இருபத்தொண்ணு" என்றேன்.
வயிறு கலங்கிற்று; இருபத்தொன்று விலை கூடின நோய்.
"இருபத்தி ரெண்டு" என்றாள் உள்ளே இருந்து,
கண்ணாடியில் பட்ட வெளிச்சத்தைப் பார்த்தபடி.
"நிறுவையில் நிக்கிறவளுக்கு
எண்ணத் தெரியாதா?"

பெட்டிக்குச் சலிப்பு இல்லை.
திரும்பவும் சொன்னது. திரும்பவும்.
இரண்டு, பிறகு இரண்டு.
அவள் சொன்னதுதான்.

இருபத்தி இரண்டு என்றால்
தண்ணீரின் சூட்டைச் சொல்லும் வயர் பேசவில்லை.
பேசாவிட்டால் இந்த மூளை
எண்பது டிகிரி என்று தானே எழுதிக்கொள்ளுமாம்.
யாரோ, எங்கேயோ, ஒரு மேசையில் இருந்து
முடிவுசெய்த எண்பது.
லிந்துலையில் விடிகாலை நாலு மணிக்கு
கைவிரல் மடங்காத குளிரில்
வண்டிக்குச் சுகம், சூடாக இருக்கிறது,
பெற்றோலைக் குறை.

டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு
அந்த வயரைத் தேடிப் போனோம்.
றப்பர் உறைக்குக் கீழே எலி கடித்திருந்தது.
பச்சை நூல்கள் மட்டும்,
தலைவாரிய பிறகு சீப்பில் நிற்கும் மயிர்போல.
முறுக்கினேன். நாடா சுற்றினேன்.
ஞாபகம் அழிய ஒரு பியூஸைப் பிடுங்கி
அவளை முப்பது எண்ணச் சொன்னேன்.
முப்பத்தைந்து வரை எண்ணினாள், எனக்காக.

பிறகு சிவப்பு
நிறுத்தமில்லாமல், எண்ணில்லாமல்,
ஒரே சீராய்த் துடித்தது.
பழுதில்லை என்றால் இருட்டாக இருக்கும்
என்று நினைத்திருந்தேன்.

நாலு இருபதுக்கு இரண்டாவது திருப்பலில் எழும்பியது.
புகை கொஞ்சம் கறுப்பு.
அது வேறு நாளைக்கு.
சவரியப்பன் பின்சீட்டில் கம்பளிக்குள் ஒடுங்கி
"பாட்டுப் போடாதே தம்பி,
எஞ்சினைக் கேக்கட்டும்" என்றார்.

லோஜினி கூடையோடு ஓடிவந்து
கண்ணாடியைத் தட்டினாள்.
சரி, போய் வா என்று சொல்ல அல்ல.

"கிளிப்பைத் தா.
இந்த மாசம் ரெண்டு நாள் வெட்டியிருக்கான்,
சிட்டையோட போய்க் கேக்கணும்."

வளைத்துப் பார்த்தேன். பழைய வடிவம் வரவில்லை.
அப்படியே வாங்கிக்கொண்டாள்.