வாளிச் சோதனை

டூசானில் ஜூன்.
காலை ஆறரைக்கே சிமென்ட் தளம் செருப்பை மீறிச் சுடுகிறது.
பின்பக்கக் கேட்டைத் திறந்து, கையை எடுத்தேன்.
தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய கேட்
இரண்டு விரற்கடை மிச்சம் வைத்து நின்றது.
இன்னொரு முறை. அதே இரண்டு விரற்கடை.

"நல்ல கேட்தான்" என்றார் வெண்டெல் தார்ப்,
காபிக் கோப்பைக்குப் பின்னாலிருந்து.
விற்கிறவர்கள் என்னிடம்
டாக்டரிடம் வந்தவர்கள் போலத்தான் பேசுவார்கள்:
கேட்காத இடத்தைத் தொட்டுக் காட்டி
அங்கே வலி இல்லை என்பார்கள்.

பம்ப் முனகாமல் ஓடியது.
ஃபில்டரின் முள் நிற்க வேண்டிய எண்ணில் நின்றது.
சோதனைப் பொத்தானை அழுத்தியதும்
ஸ்பாவின் மின்சாரம் ஒழுங்காக அறுந்தது.
ஆனால் அடியில், நீரை உறிஞ்சும் வாயின் மூடியில்
பொறித்திருந்த ஆயுள் முடிந்து மூன்று வருஷம்.
மூடி பெயர்ந்தால், நீளமாக வளர்த்த தலைமுடி போதும் அதற்கு.
எழுதிக்கொண்டேன்.
வாங்கப்போகிறவள் டலூத்திலிருந்து வருகிற நர்ஸ்,
நாலு வயதில் ஒரு பையன்.
போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்:
"தண்ணீர் நிற்குமா?"

நின்றது. விளிம்பு ஓட்டின் சரிபாதியில்,
அளந்து வைத்தாற்போல.
ஒரு செடிகூட இல்லாத அந்தக் கொல்லையில்
தோட்டக் குழாயின் நுனி மட்டும் ஈரமாக இருந்தது.

ஆகவே வாளி.
குளத்து நீரையே மொண்டு, முதல் படியில் இறக்கி வைத்து
உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு.
வெயில் இரண்டையும் ஒரே வாயால் குடிக்கும்,
ஓரவஞ்சனை தெரியாது அதற்கு.
வெளியே கூடுதலாகக் குறைந்தால்
அந்தக் கூடுதலை மண் குடிக்கிறது.
"நாளைக் காலை வரை எதையும் தொடாதீர்கள், மிஸ்டர் தார்ப்."
"தொடமாட்டேன், மிஸ் கிஹாடா."

மறுநாள்
வாளியில் கால் அங்குலம் இறங்கியிருந்தது.
குளம் அரை அங்குலம் ஏறியிருந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில்
குறைந்த குளங்களைப் பார்த்திருக்கிறேன்,
பச்சையாகிப்போன குளங்களை,
தவளை குடியேறிய ஒன்றை.
வளர்ந்த குளம் இதுதான் முதல்.

"ராத்திரி மழை பெய்திருக்கும்" என்றார்.
நூற்றுப் பதினோரு நாளாக மேகம் எட்டிப் பார்க்காத ஊர்.
அப்படியே பெய்திருந்தாலும்
வாளிக்குக் குடை பிடித்தது யார்?
நான் கேட்கவில்லை.
அவரே உள்கோட்டைப் பார்த்தார்,
வெளிக்கோட்டைப் பார்த்தார்,
பிறகு தன் வலது கையைப் பார்த்தார்,
வேறு யாரோ விட்டுப்போனதுபோல.
"ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும் குழாயைத் திருகுவேன்.
தினமும். நேற்றும் திருகியிருக்கிறேன்.
சத்தியமாக, நினைத்துச் செய்யவில்லை."

நம்பினேனா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பம்பை நிறுத்தி, அலை அடங்கும்வரை குந்தியிருந்தேன்.
ஊசிக்குழலில் சிவப்புச் சாயம்.
ஸ்கிம்மரின் தொண்டையருகே ஒரு சொட்டு.
விரிசல் இல்லாத இடமென்றால் சாயம்
போக்கிடம் தெரியாமல் புகையாய்த் தொங்கும்.
இங்கே தயங்கவே இல்லை.
நூலாய் இழுபட்டு,
பிளாஸ்டிக்குக்கும் பூச்சுக்கும் நடுவே
சாவி வைத்திருப்பவன்போல உள்ளே போனது.

தார்ப் மண்டியிட்டுப் பார்த்தார்.
முட்டி சுட்டிருக்கும். எழவில்லை.
"இன்னொரு தடவை விடுங்கள்."
விட்டேன்.
அதுவும் போனது.

"எவ்வளவு குறைக்கச் சொல்வாள்?"
"அது என் வேலை இல்லை."
"தெரியும்."
கோப்பையில் மிச்சமிருந்த காபியை
குளத்தில் ஊற்றப் போனவர், நிறுத்தி,
மண்ணில் ஊற்றினார்.

வாளியைக் கவிழ்த்து, கருவிகளைத் துடைத்து, கிளம்பினேன்.
வழியனுப்ப வந்தவர்
எனக்குப் பின்னால் கேட்டை இழுத்து
இடுப்பால் ஒரு தட்டுத் தட்டினார்.
பழகின தட்டு, பார்க்காமலே விழுந்தது.
க்ளிக்.

"பாருங்கள்" என்றார், "சாத்துகிறதே."