இருபத்தைந்து நிமிடம்

சக்கரம் தரை தொட்டதும்
சன்னலில் திருப்பரங்குன்றம் ஒருக்களித்துப் படுத்திருக்கும்.
மதுரைக்கு வந்திருக்கிறோம்,
வெளியே வெப்பம் முப்பத்தெட்டு என்று
சொல்லி முடிக்குமுன்
பாதிப் பேர் எழுந்து பை இறக்குகிறார்கள்.
உட்காருங்க சார். உட்காருங்கம்மா.
பத்தொன்பது வருசத்தில்
இது ஒன்றுதான் மாறவில்லை.

கடைசி ஆள் படி இறங்கியதும்
கையுறை மாட்டிக்கொள்கிறேன்.
எழுபத்தெட்டு இருக்கை, நாங்கள் இருவர்.
கடலைத் தோல், ஒற்றைத் தோடு,
முடிச்சுப் போட்ட வாந்திப் பை.
வார்களைக் குறுக்கே மடக்கி வைத்தபடி
பின்னால் போகிறோம்.

முன்பு இதற்கு ஆட்கள் ஏறுவார்கள்.
அந்த நேரத்தில் நாங்கள்
உதட்டுச் சாயம் சரிசெய்ய வேண்டும்.
கையேட்டில் இருந்தது: இன்ன சிவப்பு, இன்ன எண்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை.
ஜெட், ஐம்பதே நிமிடம்.
அதற்குள் புளிப்பு மிட்டாய், காதுக்குப் பஞ்சு,
ஈரத் துண்டு, சூடாய் இட்லி, இரண்டு சட்னி.
ஒருநாள் நாகமலைக்கு மேலே மேகம் தூக்கிப் போட்டு
சாம்பார் முழுக்க
ஒரு நகைக்கடைக்காரர் வேட்டியில்.
அவர் சிரித்துவிட்டார்.
எனக்கு மூன்று நாள் சம்பளம் போனது.

பேச்சியம்மாள் என்ற பெயரை
பயிற்சி கொடுத்த மும்பைக்காரி
'பெட்டி' என்று சுருக்கி நெஞ்சில் குத்தினாள்.
எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று
சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.
மாதம் முதல் தேதி எடை மெசின்.
ஐம்பத்தாறு தாண்டினால் தரையில் வேலை.
கல்யாணம் என்றால் அதுவும் இல்லை.
திருமங்கலம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு,
தாலியை இரண்டு வருசம்
சாக்ஸுக்குள் வைத்துப் பறந்தேன்.

இப்போது எடை அறுபத்தெட்டு. யாரும் கேட்பதில்லை.
நெஞ்சில் முழுப் பெயரும் இருக்கிறது.
கையில் அட்டை தேய்க்கும் மெசின்.
கப் நூடுல்ஸ், முந்திரி டப்பா, சாவிக்கொத்து.
எவ்வளவு விற்றாய் என்று மட்டும் கேட்கிறார்கள்.
எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள்.
கால் வலி இரண்டிலும் ஒன்றுதான்.

இன்று பதினான்காம் வரிசையில்
மலேசியாவில் சென்ட்ரிங் வேலை முடித்து வருகிறவன்,
ஊர் எழுமலைப் பக்கம்.
விலைப் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"தண்ணி எவ்வளவுக்கா?"
"தண்ணி சும்மாதாண்ணே."
நம்பவில்லை.
பக்கத்து ஆள் குடித்துக் காசு கொடுக்காமல் விட்டதை
கடைசி வரை கவனித்துவிட்டு
மூன்று கப் வாங்கிக் குடித்தான்.
இறங்கும்போது பையைப் பிரித்து
ஒரு கை மிட்டாய் அள்ளி நீட்டினான்.
"ஏறுனதுல இருந்து நின்னுக்கிட்டே இருக்கீகளே."
பயணியிடம் எதுவும் வாங்கக் கூடாது,
அந்தக் கையேட்டிலும் உண்டு, இந்தக் கையேட்டிலும் உண்டு.
வாங்கிக்கொண்டேன்.

துடைத்து முடித்துக் கதவில் நிற்கிறேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் பெருங்குடி, அப்புறம் அவனியாபுரம்.
மூன்றரைக் கிலோமீட்டரில் என் வீடு.
மாதம் பதினெட்டு தடவை இந்த ஊரில் இறங்குகிறேன்,
இந்தப் படியை விட்டு இறங்குவதில்லை.
போனில் மகள்:
'பன்னெண்டு நிமிசம் லேட்டும்மா நீ.
திரும்பிப் போறதாவது நேரத்துக்குப் போ.'

மிசோரம் பெண் லால்ரின்பூயி
கடைசி வரிசையிலிருந்து வந்து
அந்த மலைக்கு என்ன பேர் என்று கேட்கிறாள்.
சொல்கிறேன். சொல்லிப் பார்க்கிறாள், பாதியில் சிக்குகிறது.
ஒரு மிட்டாயை அவள் கையில் வைத்து
ஒன்றை நான் வாயில் போடுகிறேன்.
பேருந்து வந்து நிற்கிறது.
வணக்கம். வணக்கம். பை மேலே வைங்க. வணக்கம்.

அறிவிப்பு இந்த முறை அவளுடையது.
நான் பேச வேண்டியதில்லை.
கன்னத்தில் அதக்கிய மிட்டாயோடு
நடுவழியில் நின்று
இரண்டு கையும் நீட்டிக் காட்டுகிறேன்,
வெளியேறும் வழிகள்:
முன்னால் இரண்டு,
பின்னால் இரண்டு.