விட்டுப்போன இடம்

ஃபிளின் ஃபிளான். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பேனா உறைந்துவிட்டது. பென்சிலால் எழுதுகிறேன்:
ஹவ்ரிலுக், எண் 27, இடது டிஃபென்ஸ், வயது பதினேழு.

டிஃபென்ஸ் என்பது பேருக்குத்தான்.
பக் கிடைத்தால் போதும்,
நீலக் கோட்டில் நிற்க வேண்டியவன்
கோட்டையைத் திறந்துபோட்டுப் படையெடுக்கிறான்.
இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாமவனை இடுப்பு திரும்பவைத்து,
பார்க்காமலே ஒரு பாஸ்.
சிவப்பு விளக்கு.
சுரங்க ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள்
பூட்ஸ் காலால் பலகையை உதைக்கிறார்கள்.

நான் கை தட்டுவதில்லை.
எனக்குச் சம்பளம்
அவன் விட்டுப்போன இடத்தைப் பார்ப்பதற்கு.

மூன்றாம் பீரியடில் அந்த இடம் வழியாகத்தான்
ஒருவன் தனியே வந்தான்.
ஹவ்ரிலுக் துரத்தினான், வாய் பிளந்து.
ஒரு முழம் குறைந்தது.
கோல்.

பிறகு கோலியிடம் சறுக்கிப்போய் என்னவோ சொன்னான்.
முகமூடிக்குள் கோலி சிரித்தான்.
கோல் வாங்கியவன், சிரித்தான்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சறுக்கு: எட்டு. பார்வை: ஒன்பது.
பொறுப்பு: நாலு. அழித்து, ஐந்து.
தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுவானா?

நாலு வருஷம் முன்பு லுண்ட்கிரெனுக்கு
'மாட்டான்' என்று எழுதினேன்.
இப்போது அவனைப் பார்க்கக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறேன்.
'தேறுவான்' என்று எழுதிய பையன்
ரெஜைனாவில் ஃபிரிட்ஜ் விற்கிறான்.

கட்டத்தைக் காலியாக விட்டு வண்டியை எடுத்தேன்.
சக்கரம் பனியில் சுழன்றது, நகரவில்லை.
யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள்.
கண்ணாடியில்,
ஈரத் தலைமயிர் குச்சி குச்சியாய் உறைந்து
ஹவ்ரிலுக்.

நான் யாரென்று தெரியாது அவனுக்கு.
முழு எடையையும் போட்டுத் தள்ளினான்.
வண்டி சட்டென்று விடுபட,
அது நின்ற இடத்தில்
குப்புற விழுந்தான்.