மைனர், கம்பம்மெட்டு வழி

மைனர் படிக்கிறேன் என்றதும்
வனராசு கேட்டான்: செயின் யார் வாங்கித் தருவது?
எங்கள் பக்கம் மைனர் என்றால்
நெஞ்சு தெரியப் பித்தான் திறந்து
புல்லட்டில் சாய்ந்து நிற்பவன்.
இது வேறு.

புற்றடி ஷிபு விற்ற பழைய கேசியோ.
மூவாயிரம் சொன்னான், இரண்டேகாலுக்கு முடிந்தது.
ஜி ஷார்ப் மட்டும் எந்த உயரத்திலும் பேசாது,
உள்ளே ஏதோ கம்பி அறுந்திருக்கிறது என்றான்.
கறுப்புக் கட்டை எதற்கு,
வெள்ளையிலேயே ஓட்டிக்கொள்வேன் என்றேன்.

வெள்ளையில்
சி-யில் கிளம்பி சி-யில் வந்து நின்றால் மேஜர்.
அதே கட்டைகள், ஒன்று கூடாமல் குறையாமல்,
ஏ-யில் கிளம்பி ஏ-யில் நின்றால் மைனர்.
தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவனுக்கு
இதில் என்ன ஆச்சரியம்.
ரோடு ஒன்றுதான், வளைவுகள் அவைதான்.
எந்த முனையை வீடு என்கிறோம், அவ்வளவே சேதி.

மூன்றாம் படிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.
மேஜரில் இருப்பதைவிட அரைப்படி தாழ்ந்திருக்கும்.
சோகம் என்று எழுதியிருக்கிறது புத்தகம்.
என் ஜீப்பின் பின்படி போன ஆடியில் உடைந்து
வெல்டிங்காரன் கொஞ்சம் இறக்கி ஒட்டிவிட்டான்.
சண்டைக்குப் போக இருந்தேன்.
ஒச்சம்மாள் முட்டியைப் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்து
இப்பத்தாம்ப்பா வண்டி வண்டியா இருக்கு என்றாள்.
அன்றிலிருந்து
அந்தச் சோகத்தின்மேல் எனக்குச் சந்தேகம்.

வெள்ளையிலேயே ஏறினால் இன்னொரு சிக்கல்.
கடைசிப் படிக்கும் வீட்டுக்கும் நடுவே முழுப்படி தூரம்.
ஜி-யில் நிற்பவன் டீ குடித்துவிட்டு
நிதானமாகப் போகலாம்.
போயே ஆகவேண்டும் என்ற தவிப்புக்கு
ஜி-யை அரைப்படி உயர்த்த வேண்டும்.
குமுளியில் நம் பஸ் நிற்கும் இடத்துக்கும்
கேரளத்து கேட்டுக்கும் உள்ள தூரம் அது.
அங்கே நிற்கும் யாரும்
அங்கேயே நிற்க வந்தவர்கள் இல்லை.
என் கேசியோவில் ஊமை அதுதான்.
வேறு கட்டையில் தொடங்கேன் என்பார்கள்.
எனக்குப் பழகியது ஏ.

மெலடிக் மைனர் கார்த்திகையில் புரிந்தது.
சபரிமலை சீசன், போலீஸ் ஒருவழி ஆக்கிவிட்டது:
ஏறுவது கம்பம்மெட்டு, இறங்குவது குமுளி.
ஏறும்போது எஃப், ஜி இரண்டையும் உயர்த்தும்,
இறங்கும்போது இரண்டையும் வெள்ளைக்கே விட்டுவிடும்.
மூன்று வகையும் ஒரே மைனர்தான் என்கிறது புத்தகம்.
கூடலூர் நாயனக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.
நடபைரவி, கீரவாணி, கௌரிமனோகரி,
மூன்று வீடு, மூன்று ரேஷன் கார்டு என்றார்.
அதிலும் கௌரிமனோகரி
ஏறின வழியிலேயே இறங்குகிறவளாம்.

மெட்டு செக்போஸ்டில் முன்னால் நாற்பது வண்டி.
இன்ஜினை அணைத்துவிட்டு
கேசியோவை மடியில் வைத்து ஏறினேன்.
ஏ, பி, சி, டி, இ, எஃப் ஷார்ப்,
அப்புறம் கட்டை டொக் என்றது.

பின்னால் பதினாலு பேர், தூக்குவாளிகள்.
ஒச்சம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு
என்னப்பா, வாசல்ல வந்து நின்னுட்ட என்றாள்.
பிறகு ம் என்று இழுத்தாள்,
அரைப்படி பிசகாமல்.
நான் ஏ-யைத் தொட்டேன்.
எல்லோரும் சிரித்தார்கள்,
எதற்கென்று யாருக்கும் தெரியாது.

இறங்குவதற்கு அவள் தேவைப்படவில்லை.
ஜி, எஃப், இ, வெள்ளையிலேயே கீழே வந்துவிட்டேன்.
அது அவளுக்குப் பிடிக்கவில்லை.
மறுக்கா ஏறு என்றாள்.

தடுப்பைத் தூக்கிவிட்டார்கள்.
பின்னாலிருந்து ஹார்ன் மேல் ஹார்ன்.
நான் ஏ-யிலிருந்து தொடங்கினேன்.